பாதர் லாரன்ஸ் வேடம் கட்டப்போகும் தம்பிக்கு

ரோமியோ ஜூலியட் நாடகம் போடப்போகிறோம் என்று தேயிலைத் தோட்டத்தில் பேச்சு எழுந்ததுமே இளவட்டங்கள் எல்லோருக்கும் ரோமியோதான் வேண்டும். அது கிடைக்காதவனுக்கு வாள் சுழற்றுகிற மெர்கூஷியோவோ டிபால்ட்டோ வேண்டும். கடைசியில் மிஞ்சுவது பாதர் வேடம். "நீ உயரமா இருக்கே, பாடமும் நல்லா வரும்" என்று யாராவது ஒருவன் தலையில் அதைக் கட்டிவிடுவார்கள். அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னிடம் வருவான். அப்படி வந்த ஐந்தாறு பேருக்கு வீட்டு முன்னால் இஸ்தோப்பில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இப்போது எழுதி வைக்கிறேன்.

நான் இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் 31 வருடம் மருந்து கொடுத்தவன். பாதர் வேடம் நான்கு தடவை கட்டியிருக்கிறேன். முதல் தடவை 22 வயதில், தலைக்கு மாவு பூசிக்கொண்டு. கடைசித் தடவை 58 வயதில். அப்போது மாவு தேவைப்படவில்லை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் கோயிலுக்குப் பூசை வைக்க வருகிற பங்குத்தந்தை மாதிரியான ஆள் இல்லை இவர். அசிசி பிரான்சிஸ் 1209 இல் தொடங்கிய சபையைச் சேர்ந்த துறவி. சொத்து கிடையாது, காலில் பெரும்பாலும் செருப்பும் கிடையாது. ஊருக்கு வெளியே ஒரு சின்ன அறை, அதில் மூலிகை, ஜெபம். பாவசங்கீர்த்தனம் கேட்பார், வீட்டுச் சண்டைக்கு நியாயம் சொல்வார், காய்ச்சலுக்குக் கஷாயமும் கொடுப்பார். எனக்கு இவர் முதல் வாசிப்பிலேயே பிடித்துப்போனதற்கு அந்தக் கஷாயம்தான் காரணம். வெரோனா ஊரின் டிஸ்பென்சர் அவர்.

இதே கதையை ஷேக்ஸ்பியருக்கு முன்னால் ஆர்தர் புரூக் என்பவர் 1562 இல் நீண்ட கவிதையாக எழுதினார். அதன் முன்னுரையிலேயே இப்படிப்பட்ட துறவிகளை அவர் திட்டித் தீர்த்திருக்கிறார். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மடங்களை எல்லாம் மூடி இருபது வருடத்துக்கு மேலான காலம் அது. துறவி என்றாலே கேலி. ஷேக்ஸ்பியர் அந்தக் கேலியை எடுத்துவிட்டு, நல்லது செய்ய நினைக்கிற ஒரு மனிதனை வைத்தார். அதனால் கோமாளி பாதர் வேண்டாம். ஒரு தடவை எங்கள் பையன் ஒருவன் மூக்கால் பேசி, கையைக் கும்பிட்டபடியே வைத்துக்கொண்டு நடித்தான். முன்வரிசையில் நிஜப் பாதர் உட்கார்ந்திருந்தார். சனம் மேடையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கு நாடகம் அதோடு சரி.

உடுப்புக்கு அலைய வேண்டாம். வயதானவர்கள் வீட்டுப் பெட்டியில் பழைய கம்பளி இருக்கும், மழைக்கும் குளிருக்கும் போர்த்திக்கொண்டு மலைக்குப் போன கம்பளி. இரண்டைச் சேர்த்துத் தைத்தால் பிரான்சிஸ்கன் அங்கிக்கு அதைவிடப் பொருத்தமான துணி கொழும்பிலும் கிடைக்காது. இடுப்புக்குப் பழைய கொழுந்துக் கூடையின் கயிறு. தொங்குகிற நுனியில் மூன்று முடிச்சு போடுங்கள். வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வாக்குறுதிக்கும் அது அடையாளம். வெறுங்கால் என்றால் ஒத்திகையிலிருந்தே வெறுங்கால். எங்கள் ஊர்க் குளிரில் முதல்நாள்தான் செருப்பைக் கழற்றினீர்கள் என்றால் வசனம் பல்லில் தட்டும். திறந்தவெளியில், புல்லின் மேல் நாடகம் என்றால் காலுக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். என் இரண்டாம் தடவையில், கல்லறைக் காட்சியின்போது அட்டை முழங்கால் வரை ஏறிவிட்டது. இரத்தம் வழிந்ததைச் சனம் நாடகத்தின் பகுதி என்றே நினைத்துக்கொண்டது.

இனி வேலைக்கு வருகிறேன். இந்த வேடத்தை முகத்திலே தேடாதீர்கள், கையிலே தேடுங்கள். கூடை, மூலிகை, மருந்துக் குப்பி, கடிதம், லாந்தர், அலவாங்கு (கடப்பாரை) என்று காட்சிக்குக் காட்சி இவர் கையில் ஏதாவது இருக்கும். ரிப்பேர் பார்க்க வந்தவர் கை மாதிரி. எதைக் கண்டாலும் சரிப்பண்ணிவிடலாம் என்று நம்புகிற கை அது.

முதல் காட்சி விடியற்காலை. கையில் கூடையோடு வருவார். இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடக்கும். கூடை என்றதும் பையன்கள் கொழுந்துக் கூடையைத் தலைக்கயிறு போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். "பாதர் பேர் போடப் போறாரு" என்று, கொழுந்து பறிக்கப் பேர் பதியப் போகிறவரைச் சொல்கிற மாதிரி, பின்னாலிருந்து குரல் வரும். கையில் தொங்குகிற சின்னக் கூடை போதும். ரோமியோ வருவதற்குமுன் ஏறக்குறைய 30 வரி தனியாகப் பேச வேண்டும். அதைப் பிரசங்கமாகப் பேசினால் செத்தீர்கள். செடி பறித்துக்கொண்டே பேசுங்கள். ஒன்றைப் பறித்து, மண் தட்டி, முகர்ந்து, கூடையில் போடுவதற்குள் இரண்டு வரி. அந்தப் பேச்சின் நடுவில் ஒரு பூ வருகிறது. முகர்ந்தால் உடம்புக்குச் சுகம், தின்றால் உயிருக்கு ஆபத்து. நுவரெலியாப் பக்கம் வேலியோரங்களில் மணி மாதிரி தலைகீழாகத் தொங்குமே ஊமத்தம்பூ, சாயங்காலமானால் வாசம் வீசுமே, அதை நினைத்துக்கொண்டு பேசுங்கள், போதும். ஆனால் நிஜப் பூவை மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம். டிஸ்பென்சராகச் சொல்கிறேன், அது பொல்லாத விஷம். கடதாசிப் பூ செய்துகொள்ளுங்கள். நடிக்கிற வேகத்தில் இதழைப் பல்லில் கடித்தவனை எனக்குத் தெரியும். நல்லவேளை, அவன் கடித்தது கடதாசி.

அப்புறம் ரோமியோ வருவான். எங்களுக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பில் பாதர் அவனை "ஓ மகனே" என்று கூப்பிட்டார். நான் அதை வெட்டினேன். நம் பாதர்மார் "வாங்க மகன், என்ன இந்த நேரத்துல?" என்றுதான் கேட்பார்கள். அப்படியே கேளுங்கள். நேற்றுவரை ரோசலின் என்ற பெண்ணை நினைத்து உருகியவன், இன்றைக்கு ஜூலியட் என்கிறான். பாதர் அவனைக் கிண்டல் பண்ணுகிறார், இளசுகளின் காதல் இதயத்தில் இல்லை, கண்ணில்தான் இருக்கிறது என்கிறார். சரி, மறுக்கப்போகிறார் என்று நாம் நினைக்கும்போது ஒப்புக்கொண்டுவிடுகிறார். ஏன்? இந்தக் கல்யாணத்தால் இரண்டு குடும்பத்துப் பகை தீரும் என்று கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு அவருக்குத் தோன்றுகிற நொடி சனத்துக்குத் தெரிய வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், பேசிக்கொண்டே செடி தரம் பிரித்துக்கொண்டிருந்த கையை அந்த இடத்தில் நிறுத்தினேன். ஒரு மூச்சு. பிறகு கூடையைக் கீழே வைத்தேன். மேடையில் முதல் தடவையாக அவர் மருந்தை விட்டுவிட்டு மனிதரைக் கையில் எடுக்கிறார்.

காட்சி முடியும்போது, நிதானமாகப் போ, வேகமாக ஓடுகிறவன்தான் தடுக்கி விழுவான் என்று ரோமியோவுக்குச் சொல்வார். ஆனால் வாய் நிதானம் சொல்கிறதே தவிர கால் ஓடுகிறது. ஞாயிறு இரவு சந்தித்தவர்களுக்குத் திங்கள் பிற்பகல் கல்யாணம் செய்து வைத்தவர் அவர். ஜூலியட்டுக்குப் பதினாலு வயதுகூட நிரம்பவில்லை. ஒத்திகையில் ஒரு பிள்ளை என்னைக் கேட்டாள்: "ஐயா, பதிமூணு வயசுப் புள்ளைக்குக் கல்யாணம் செஞ்சு வச்ச பாதரைப் பொலிசு புடிக்காதா?" நம் நாட்டுப் பொதுச் சட்டத்தில் 18 என்று சொன்னேன். ஆனால் அந்த நாடகத்தில் யாருமே வயதைக் கேட்டுப் பாதரைக் குற்றம் சொல்வதில்லை, ஒளித்துச் செய்ததுதான் அங்கே விஷயம். அவள் திருப்திப்படவில்லை. படவேண்டியதும் இல்லை.

கல்யாணக் காட்சி சின்னது. மூர்க்கமான இன்பத்துக்கு மூர்க்கமான முடிவு என்ற வசனத்தைத் தீர்க்கதரிசி மாதிரி முழங்காமல், அவசரப்படுகிற மாப்பிள்ளையைப் பார்த்து எரிச்சலோடு சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். மூன்றாம் அங்கத்தில் ஜூலியட்டின் உறவுக்காரன் டிபால்ட்டைக் கொன்றுவிட்டு ரோமியோ பாதர் அறையில் ஒளிந்திருக்கிறான். நாடு கடத்தல் என்று கேட்டதும் தரையில் விழுந்து அழுது, கத்தியை எடுத்துத் தன்னையே குத்திக்கொள்ளப் போகிறான். "பொறு" என்று பாதர் தடுக்கிறார், நீ ஆம்பிளையா என்று கேட்கிறார். நான்காம் அங்கத்தில் பாரிஸ் என்ற பிரபுவோடு கல்யாணம் நிச்சயமான ஜூலியட் அதே அறைக்கு வருகிறாள். அவளும் கத்தியை எடுக்கிறாள். அங்கேயும் பாதர் வாயில் அதே சொல்தான், "பொறு". இந்த இரண்டு இடத்தையும் ஒரே மாதிரி செய்யுங்கள். வலது கையால் மணிக்கட்டைப் பிடிப்பது, இடது கையால் கத்தியை வாங்குவது, வாங்கியதை முதுகுப் பக்கம் கொண்டுபோவது. மேடையில் நிற்கிற இடம்கூட ஒன்றாக இருக்கட்டும். சனத்தின் கண்ணில் அது பதிய வேண்டும். ஏன் என்பது கல்லறைக்குப் போனதும் தெரியும்.

ரோமியோவைத் திட்டுகிற பேச்சு நீளம். ஜூலியட் உயிரோடு இருக்கிறாள், டிபால்ட் உன்னைக் கொல்லவில்லை, மரண தண்டனை நாடு கடத்தலாகக் குறைந்தது என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வார். நிஜமாகவே விரல் மடக்குங்கள், நன்றாக இருக்கும். இவ்வளவையும் கேட்டுவிட்டு, ஜூலியட்டை வளர்த்த தாதி, இந்தப் புத்திமதியைக் கேட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க இருக்கலாமே என்பாள். அங்கே சனம் சிரித்தால் கோபப்படாதீர்கள், சிரிக்கத்தான் எழுதியிருக்கிறது.

பாரிஸ் கல்யாணத்திலிருந்து தப்ப, செத்த மாதிரிக் கிடக்கும்படி ஜூலியட்டுக்கு மருந்து கொடுக்கிற காட்சிதான் எனக்குப் பிரியமான இடம். நடிகர்கள் அங்கே குரலை இறக்கி, கண்ணை உருட்டி, மந்திரவாதி ஆகிவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். மருந்து கொடுக்கிறவன் எப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு ராத்திரி குடிக்க வேண்டும். தனியாகப் படுக்க வேண்டும், தாதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. குடித்ததும் உடம்பு குளிரும், நாடி நிற்கும், கன்னம் வெளுக்கும், கண் மூடும். 42 மணி நேரம் அப்படியே கிடந்து பிறகு தூங்கி எழுந்த மாதிரி எழும்புவாய். அவ்வளவையும் நிதானமாக, முகம் பார்த்து, புரிந்ததா என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கிற மாதிரி. குப்பிக்கு என்னிடம் பழைய மிக்சர் போத்தல் ஒன்று இருந்தது. ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, பல்லுப் பல்லாக வெட்டிய கடதாசிப் பட்டியை அந்தக் காலத்தில் போத்தலில் ஒட்டுவோம். ஒரே ஒரு வெட்டு மட்டும் போட்டுப் பட்டி ஒட்டினேன். அவளிடம் கொடுக்கும்போது கட்டைவிரலால் அந்த வெட்டைத் தொட்டுக் காட்டினேன். பின்வரிசையில் இருந்த யாருக்கும் அது தெரிந்திருக்காது. ஜூலியட்டாக நடித்த பிள்ளைக்குக் கை நடுங்கியது, எனக்கு அது போதும்.

(42 மணி நேரம் நாடியை நிறுத்திவிட்டு ஆளைத் திருப்பிக் கொடுக்கிற மருந்து எதுவும் கிடையாது. சொல்லி வைக்கிறேன்.)

மருந்தைக் குடிக்குமுன் ஜூலியட் ஒன்று யோசிப்பாள். தான் செய்து வைத்த களவுக் கல்யாணம் வெளியே வந்தால் அவமானம் என்று பாதர் நிஜ விஷத்தையே கொடுத்திருப்பாரோ? அந்த நேரம் நீங்கள் மேடையில் இருக்க மாட்டீர்கள். ஆனாலும் ஒத்திகையில் அதை உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் பாத்திரத்தைப் பற்றி அந்தப் பிள்ளைக்கே அப்படி ஒரு சந்தேகம் வர இடம் இருக்கிறது.

கல்யாணத்தை ஒரு நாள் முன்னுக்குக் கொண்டுவருகிறார் அப்பன்காரன். அவளும் ஒரு நாள் முந்தியே குடிக்கிறாள். பாதர் போட்ட கணக்கில் முதல் ஓட்டை அங்கே. காலையில் அவள் 'செத்து'க் கிடக்க, வீடே அழுகிறது. எங்கள் குழு அந்த இடத்தில் நிஜ ஒப்பாரியே வைத்தது, தப்பு மேளமும் சேர்ந்துகொண்டது. மாசி மாதம் காமன் கூத்தில் மதன் எரிந்ததும் ரதி புலம்புவதைக் கேட்டு வளர்ந்த சனம் அல்லவா, கீழேயும் அழ ஆரம்பித்துவிட்டது. அதற்குள் நீங்கள் நுழைந்து, வெட்கம், அழுகையை நிறுத்துங்கள் என்று அதட்ட வேண்டும். உண்மை தெரிந்த ஒரே ஆள் மேடையில் நீங்கள்தான். இங்கே ஒரே விதி: கட்டிலைப் பார்க்காதீர்கள். பொய் சொல்கிறவன் பொய்யின் பக்கம் பார்க்க மாட்டான். கயிற்றின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு தாய் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். கஷ்டமாக இருக்கும், இருக்கட்டும்.

கடிதக் காட்சியைச் சீக்கிரம் முடிக்கலாம். நாடு கடத்தப்பட்ட ரோமியோ இருக்கிற மந்துவா ஊருக்கு, மருந்து விஷயத்தைச் சொல்லும் பாதரின் கடிதத்தைக் கொண்டுபோன ஜோன் என்ற துறவி, அதைக் கொடுக்க முடியாமல் திரும்பி வருவார். துணைக்குக் கூப்பிடப்போன சகோதரர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கொள்ளைநோய் இருக்கும் வீடு என்று சந்தேகப்பட்டு அதிகாரிகள் கதவை மூடி முத்திரை வைத்துவிட்டார்களாம். முந்தியெல்லாம் இதை நம் சனத்துக்கு விளக்க வேண்டியிருந்தது. 2020 க்குப் பிறகு விளக்கமே வேண்டாம். பி.எச்.ஐ., அதாவது சுகாதாரப் பரிசோதகர், வந்து கதவில் கடதாசி ஒட்டிய வீடு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜோன் கடிதத்தை நீட்டும்போது உடனே வாங்காதீர்கள். உங்கள் கையெழுத்தை நீங்களே பார்க்க வேண்டும். வாங்கிய பிறகு கேட்பது அலவாங்கு. இன்னும் மூன்று மணி நேரத்தில் அவள் எழும்பிவிடுவாள்.

கல்லறை. ஒரு கையில் லாந்தர், மறு கையில் அலவாங்கும் மண்வெட்டியும், இருட்டு, கிழட்டுக் கால் தடுக்குகிறது. நிஜ அலவாங்கு பாரம். அட்டையில் செய்து வெள்ளிப் பூச்சு அடித்தால் நடை பொய்யாகிவிடும், தோட்டத்து டிவிஷனில் கேட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே, ஜூலியட் நிஜமாகவே செத்துவிட்டாள் என்று நம்பி வந்த ரோமியோ செத்துக் கிடக்கிறான், பாரிஸும் செத்துக் கிடக்கிறான். ஜூலியட் கண் திறக்கிறாள், உங்களைப் பார்த்து ஆறுதலோடு, என் புருஷன் எங்கே என்று கேட்கிறாள். வெளியே சத்தம், காவல்காரர் வருகிறார்கள். உன்னைக் கன்னியாஸ்திரிகளிடம் சேர்த்துவிடுகிறேன், வா, வா, என்னால் இனி நிற்க முடியாது என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்.

இதை எப்படி நடிப்பது என்று முதல் இரண்டு தடவையும் எனக்குத் தெரியவில்லை. கத்தினேன், நடுங்கினேன், சரியாக வரவில்லை.

பிறகு என் வாழ்க்கையிலேயே ஒன்று நடந்தது. மேல் டிவிஷன் பையன் ஒருவன், மருந்து எடுக்க வருகிற கீழ் டிவிஷன் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லிக் கடிதம் ஒன்றை என்னிடம் தந்தான். இரண்டு வீட்டுக்கும் ஆகாது. எனக்கு அந்தப் பிள்ளைகள்மேல் பாசம், வாங்கி மருந்துப் பதிவேட்டுக்குள் வைத்தேன். அடைமழை, ரோட்டில் மண்சரிவு, நான்கு நாள் யாரும் டிஸ்பென்சரிப் பக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தது பிள்ளை இல்லை, அவள் அப்பா. "ஐயாவுக்கு ஏதும் தெரியுமா?" என்று கேட்டார். நான் போத்தல் எண்ண ஆரம்பித்தேன். அலுமாரியைத் திறந்து, ஒன்று இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். அவர் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்கடுத்த கிழமை அந்தப் பிள்ளையைக் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கடிதம் கொஞ்ச காலம் பதிவேட்டுக்குள்ளேயே கிடந்தது.

அடுத்த தடவை கல்லறைக் காட்சியில் நான் கத்தவில்லை. சத்தம் கேட்டதும் சாமான் பொறுக்க ஆரம்பித்தேன். மண்வெட்டியை எடுத்தேன், அலவாங்கைத் தேடினேன், லாந்தர்த் திரியை இறக்கினேன். "வா மகள்" என்று சொன்னபோதும் கண் சாமானில்தான். அவள் வர மாட்டேன் என்றாள். இரண்டு கையிலும் சாமான், அவளைப் பிடிக்கக் கை இல்லை. அப்படியே வெளியேறினேன். நான் போன பிறகு அவள் ரோமியோவின் கத்தியை எடுத்தாள், சனத்தின் கண் நான் வழக்கமாக நிற்கிற இடத்துக்குப் போனது. "பொறு" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அந்த மணிக்கட்டை இரண்டு தடவை ஒரே மாதிரி பிடிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கடைசியாக இளவரசர் முன்னால் வாக்குமூலம். சுருக்கமாகச் சொல்கிறேன் என்று தொடங்கி ஏறக்குறைய 40 வரி பேசுவார். சனத்துக்குத் தெரிந்த கதைதானே, வெட்டிவிடுவோம் என்று எல்லா இயக்குநர்களும் சொல்வார்கள். விடாதீர்கள், சண்டை போடுங்கள். சனத்துக்குத் தெரியும், மேடையில் நிற்கிற இரண்டு குடும்பத்துக்கும் தெரியாதே. மகளுக்குக் கல்யாணம் ஆன செய்தியே அப்பன்காரனுக்கு இப்போதுதான் கிடைக்கிறது. அவர்கள் முகத்தைப் பார்த்து, ஆளுக்குரிய வரியை ஆளிடம் சொல்லுங்கள், 40 வரியும் ஓடிப்போகும். ஓர் இடம் மட்டும் மெதுவாக: சத்தம் கேட்டுப் பயந்து நான் கல்லறையை விட்டுப் போனேன் என்று ஒரே வரியில் ஒப்புக்கொள்வார். அதைச் சொல்லும்போது குரலை ஏற்றவும் வேண்டாம், அழவும் வேண்டாம். போத்தல் எண்ணியவன் குரல்.

இளவரசர், உம்மை நல்ல மனிதராகவே அறிந்திருக்கிறோம் என்பார். கடைசியில், சிலருக்கு மன்னிப்பு, சிலருக்குத் தண்டனை என்பார். யாருக்கு எது என்று பேர் சொல்ல மாட்டார். மண்வெட்டியையும் அலவாங்கையும் காவல்காரர்கள் பிடுங்கிவிட்டார்கள், கூடை இல்லை, குப்பி இல்லை. நாடகம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகக் கை சும்மா இருக்கிறது. கையை எங்கே வைக்கிறது ஐயா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கேயும் வைக்க வேண்டாம், கயிற்றைக்கூடப் பிடிக்க வேண்டாம். அது பாட்டுக்குத் தொங்கட்டும், திரை விழும் வரைக்கும்.